கை வைத்தால் முதுகுவலி ஏன் குறைகிறது?

கீழ்முதுகு வலிக்கான கைமுறை சிகிச்சையில் மருந்தும் இல்லை, மின்கருவியும் இல்லை. ஒரு கட்டிலும் பயிற்சி பெற்ற இரண்டு கைகளும் போதும். அழுத்துவது, இழுப்பது, திருப்புவது, தேய்ப்பது ஆகிய நாலு வேலைகளுக்குள் எல்லா முறைகளும் அடங்கிவிடும். எந்த இடத்தில், எவ்வளவு பலத்தில், எத்தனை நேரம் என்பதற்குத்தான் படிப்பு.

கீழ்முதுகில் ஐந்து முள்ளெலும்புகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. இரண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருப்பது வட்டு, பேச்சுவழக்கில் ‘ஜவ்வு’. எலும்புகளின் பின்பக்கம், இடதும் வலதுமாகக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சிறு மூட்டுகள் உண்டு. இவற்றைச் சுற்றிலும் தசைகள். குனிந்து குடத்தைத் தூக்கியவருக்குச் சட்டென்று இடுப்பு பிடித்துக்கொண்டால், ‘ஜவ்வு விலகிடுச்சு’ என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். உண்மையில், பத்தில் சுமார் ஒன்பது பேருக்கு இன்ன பழுதுதான் காரணம் என்று சுட்டிக்காட்ட முடிவதில்லை. ஸ்கேனில் வட்டு பிதுங்கித் தெரிவதும் பெரிய சாட்சி அல்ல. முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன் படங்களைத் தொகுத்துப் பார்த்து 2015-ல் வெளியான ஆய்வில், 20 வயதினரில் 30 சதவீதத்தினருக்கும் 80 வயதினரில் 84 சதவீதத்தினருக்கும் அந்தப் பிதுக்கம் இருந்தது. தலை நரைப்பது போல இதுவும் வயதின் அடையாளம்தான்.

கை வைப்பதற்கு முன்னால் கேள்விகள் வரும். சிறுநீர், மலம் கழிப்பதில் தடையோ கட்டுப்பாடின்மையோ இருக்கிறதா, தொடை இடுக்கில் மரத்துப்போகிறதா, இரண்டு கால்களும் வலுவிழக்கின்றனவா? ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலும் பிசியோதெரபி அறைக்கு அல்ல, அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். தண்டுவடத்தின் கீழே செல்லும் நரம்புக் கற்றை நசுங்குவதன் அறிகுறி அது. காய்ச்சலோடு வரும் வலி, காரணமில்லாத எடைக் குறைவு, புற்றுநோய் வந்துபோன உடல், எலும்புத் தேய்வுள்ள முதியவர் விழுந்தபின் வரும் வலி ஆகியவற்றையும் மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

கைமுறைகளில் அதிகம் புழங்குவது, ஆஸ்திரேலிய பிசியோதெரபிஸ்ட் ஜெஃப்ரி மெய்ட்லண்ட் ஒழுங்குபடுத்திய அசைவு முறை. 1964-ல் வந்த அவருடைய நூல் இன்றும் பாடப்புத்தகமாக இருக்கிறது. நோயாளி குப்புறப் படுக்கிறார். வயிற்றுக்குக் கீழே ஒரு தலையணை. சிகிச்சையாளர் முதுகின் நடுக்கோட்டில் விரலை வைத்து ஒவ்வொரு முள்ளெலும்பின் முனையையும் தடவிப் பார்க்கிறார். சிலது மெதுவாக அமுங்கும், ஒன்று மரக்கட்டை போல நிற்கும், ஒன்றைத் தொட்டதும் நோயாளி ‘அங்கேதான்’ என்பார். அந்த முனையில், உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கத்து மேட்டை வைத்து, முழங்கையை மடக்காமல், தன் உடல் எடையைச் சாய்த்து அழுத்தி விடுகிறார். ஒரு நொடிக்கு இரண்டு முறை போல, அரை நிமிடமோ ஒரு நிமிடமோ. கையால் குத்துவது அல்ல, ஊஞ்சல் ஆட்டுவது போன்ற தாளம் அது.

அழுத்தத்துக்கு நான்கு படிகள் உண்டு. முதல் இரண்டு, மூட்டு தடுக்கும் எல்லைக்கு முன்பே திரும்பிவிடும் மென்மையான அசைவுகள். வலி கடுமையாக இருப்பவருக்கு இவை. மூன்றாவதும் நான்காவதும் அந்தத் தடைக்குள் நுழைபவை. வலியைவிட விறைப்பு முந்தி நிற்பவருக்கு. ஒரு சுற்று முடிந்ததும் நோயாளி எழுந்து குனிந்து காட்ட வேண்டும். முன்பு முழங்காலோடு நின்ற விரல்நுனி இப்போது கெண்டைக்கால் வரை இறங்கினால் அதே அழுத்தம் தொடரும். இல்லையென்றால் இடமோ படியோ மாறும். மெய்ட்லண்டின் முறையில் பாதி கையில் என்றால், மீதி இந்தச் சோதித்துப் பார்த்தலில் இருக்கிறது.

ஐந்தாவது படியாகச் சொல்லப்படுவது வேறு ரகம். நோயாளி ஒருக்களித்துப் படுக்க, மேல்காலை மடித்து, தோளைப் பின்னாலும் இடுப்பை முன்னாலும் திருப்பி, தளர்வு தீர்ந்த இடத்தில் ஒரே ஒரு சிறிய, வேகமான உந்தல். அது கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுவதால், வலித்தாலும் நோயாளியால் தடுக்க முடியாது. பெரும்பாலும் ‘டக்’ என்று சத்தம் கேட்கும். ‘எலும்பு உட்கார்ந்திடுச்சு’ என்று எழுந்திருப்பவர்கள் அநேகம். விரலில் நெட்டி முறிக்கும்போதும், முடிவெட்டி முடித்து முடிதிருத்துபவர் கழுத்தைத் திருப்பும்போதும் வரும் அதே சத்தம்தான் இது. மூட்டுத் திரவத்தில் சட்டென்று வாயுக் குமிழி உண்டாவதால் எழுகிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விரல் மூட்டில் இது நடப்பதை 2015-ல் எம்.ஆர்.ஐ. படமாகவே காட்டினார்கள். சத்தம் வந்ததா இல்லையா என்பதற்கும் வலி குறைவதற்கும் தொடர்பு தெரியவில்லை.

நியூசிலாந்து பிசியோதெரபிஸ்ட் பிரையன் மல்லிகனின் முறையில் நோயாளி சும்மா படுத்திருப்பதில்லை. உட்கார்ந்தோ நின்றோ அவர் குனிய, சிகிச்சையாளர் முள்ளெலும்பைக் கையால் மேல்நோக்கித் தாங்கித் தள்ளுகிறார். அசைவு வலியில்லாமல் இருக்க வேண்டும். வலித்தால் கை இடம் மாறும். இறுகிய தசையை அழுத்தித் தளர்த்துவது, சில நொடிகள் தசையை எதிர்த்து இறுக்கச் சொல்லிப் பிறகு நீட்டுவது, காலுக்கு இழுக்கும் வலியில் முழங்காலையும் கணுக்காலையும் மாற்றி மாற்றி அசைத்து நரம்பைச் சறுக்க விடுவது ஆகியவையும் உண்டு.

எலும்பு இடம் மாறாமல் வலி எப்படிக் குறைகிறது? ஸ்வீடனில் பத்துப் பேருக்கு, முதுகெலும்பின் அடியும் இடுப்பும் சேரும் மூட்டின் எலும்புகளில் நுண்ணிய உலோகக் குண்டுகளைப் பதித்து, உந்தலுக்கு முன்னும் பின்னும் எக்ஸ்ரே எடுத்து 1998-ல் முடிவை வெளியிட்டார்கள். அந்த மூட்டின் நிலை மாறவே இல்லை. மாறுவது நரம்பின் கணக்கு. அழுத்தம், அசைவு பற்றிய செய்திகள் தண்டுவடத்துக்குள் பாயும்போது வலிச் செய்திக்கு வழி குறுகுகிறது என்ற விளக்கத்தை மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் 1965-ல் முன்வைத்தார்கள். பிடித்து வைத்திருந்த தசை தளர்கிறது. குனிய பயந்தவர் குனிகிறார். ஆனால் இந்த நிவாரணம் பெரும்பாலும் நீடிப்பதில்லை. அந்த இடைவெளியில் நோயாளி நடக்கவும் உடற்பயிற்சி செய்யவும் தொடங்காவிட்டால், அடுத்த வாரமும் அதே கட்டில்தான்.

பிரிட்டனின் 2016 முதுகுவலி வழிகாட்டுதல், உடற்பயிற்சியோடு சேர்ந்த சிகிச்சையின் ஒரு பகுதியாக மட்டுமே கைமுறையை ஏற்கிறது. நாள்பட்ட கீழ்முதுகு வலிக்காக உலகச் சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் முதுகெலும்புக் கைமுறைக்கும் மசாஜுக்கும் இடமிருக்கிறது. இடுப்பு பெல்ட்டும் எடை கட்டி இழுக்கும் டிராக்ஷனும் வழக்கமான சிகிச்சைக்கு வேண்டாம் என்கிறது. பல கிளினிக்குகளில் அறையின் நடுவே பெரிதாக நிற்பது அந்த டிராக்ஷன் கட்டில்தான்.

நோயாளியின் சொந்த அசைவிலிருந்து தொடங்கும் ஒரு முறை தற்செயலாகப் பிறந்தது. 1956-ல் நியூசிலாந்தின் வெலிங்டனில், பிசியோதெரபிஸ்ட் ராபின் மெக்கென்சியின் அறைக்குக் காலுக்கு இழுக்கும் முதுகுவலியோடு ஒருவர் வந்தார். தலைப்பக்கம் உயர்த்தியிருந்த கட்டிலில் தவறுதலாகக் குப்புறப் படுத்துவிட்டார்; முதுகு பின்னோக்கி வளைந்த அந்த நிலையில் சில நிமிடம் கிடந்து எழுந்தபோது கால் வலி போயிருந்தது. அதிலிருந்து வளர்ந்த மெக்கென்சி முறையில் முதலில் நோயாளியே குப்புறப் படுத்து, கைகளை ஊன்றி நெஞ்சை உயர்த்துகிறார். அது போதாதபோது சிகிச்சையாளர் மேலிருந்து அழுத்துகிறார், அதுவும் போதாதபோது அசைவு முறை, உந்தல் கடைசியில்.