ஈர பிளக்கா, காய்ந்த பிளக்கா?

மலம்புழா அணை நிரம்பும்போது அதன் நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 115 மீட்டர் உயரத்தில் நிற்கும். மூணாறுக்கு மேலே உள்ள மாட்டுப்பட்டி ஏரியின் நீர்ப்பரப்போ சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முதலாவது பாலக்காடு மாவட்டம், இரண்டாவது இடுக்கி. பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் என்று இடையில் தமிழ்நாட்டுக்குள் புகுந்து வெளியேறினால் அரை நாளுக்குள் ஓர் ஏரியிலிருந்து இன்னோர் ஏரிக்குப் போய்விடலாம். படகின் பின்பலகையில் மாட்டியிருக்கும் பழைய கார்புரேட்டர் என்ஜினுக்கு மட்டும் அது லேசான பயணம் அல்ல. பாலக்காட்டுக் கணவாயின் வெயிலில் இரண்டாவது இழுப்பிலேயே பற்றிக்கொண்ட என்ஜின், மாட்டுப்பட்டியின் ஜனவரிக் காலையில் பத்து இழுப்புக்கும் மசியாமல் இருமிக்கொண்டே இருக்கும். ஓட்டுபவர் சலித்துப்போய், “வயசாயிடுச்சு, அவ்வளவுதான்” என்பார்.

வயது காரணமாக இருப்பது அபூர்வம். இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், கார்புரேட்டர் என்ற பழைய அவுட்போர்டு என்ஜின் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தால், அதற்கான காரணம் பெரும்பாலும் சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். அதைக் கண்டுபிடிக்கக் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘எது கெட்டுப்போயிருக்கிறது’ என்பதல்ல, ‘எப்போது மக்கர் செய்கிறது’ என்பது. காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, டீ குடித்துவிட்டுத் திரும்பிய பிறகா, ஒரு மாதம் சும்மா நின்ற பிறகா? இந்த மூன்றுக்கும் மூன்று வேறு வியாதிகள். இதைக் கேட்காமல் எடுத்த எடுப்பில் புது பிளக் வாங்கி மாட்டுவதுதான் நம் ஊர் வழக்கம். (பெரிய சுற்றுலாப் படகுகளின் டீசல் என்ஜின்களில் கார்புரேட்டரும் கிடையாது, ஸ்பார்க் பிளக்கும் கிடையாது. அவை இந்தக் கட்டுரைக்கு வெளியே.)

கார்புரேட்டர் என்ன வேலை செய்கிறது என்பதை ஒருமுறை பார்த்துவிடலாம். பெட்ரோலைத் தெளிக்கும் முனையும் மிதவைக் கிண்ணமும் கொண்ட கார்புரேட்டரை ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக் 1893-ல் உருவாக்கினார். அடிப்படை இன்றும் அதுதான். அந்தக் காலத்தில் வீடுகளில் மூட்டைப்பூச்சி மருந்து அடிக்கும் கைப்பம்பு இருக்கும். காற்று வேகமாக ஓடும் இடத்தில் அழுத்தம் குறையும், அந்தக் குறைவு அடியிலிருக்கும் மருந்தை மெல்லிய குழாய் வழியே மேலே இழுத்துப் பூந்தூறலாக்கும். கார்புரேட்டரின் குறுகிய தொண்டையில் நடப்பதும் அதேதான், மருந்துக்குப் பதில் பெட்ரோல். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று என்பது முழுமையாக எரிவதற்கான விகிதம்.

ஆனால் எரிவது திரவம் அல்ல, ஆவி. குளிர்ந்த என்ஜினில் தெளித்த பெட்ரோலில் பெரும்பகுதி ஆவியாகாமல் சுவரில் ஒட்டிக்கொண்டு வழியும். அதை ஈடுகட்டத்தான் சோக். தொண்டையின் வாயை ஒரு தகடு அடைக்க, காற்று குறைந்து பெட்ரோல் பல மடங்கு கூடுதலாக உள்ளே போகும். அதில் ஆவியாகும் சிறு பங்கே தீப்பிடிக்கப் போதும். சில மாடல்களில் தகடு இருக்காது. பொத்தானை அழுத்தினால் தனிக் குழாய் வழியாகப் பெட்ரோல் பீய்ச்சும். பழைய என்ஜின்களில் சோக் கேபிள் தொய்ந்து தகடு முக்கால்வாசி மட்டும் மூடுவது சர்வசாதாரணம். வெளியே குமிழை முழுக்க இழுத்திருப்பார்கள், உள்ளே தகடு அரைத்தூக்கத்தில் இருக்கும். மூடியைக் கழற்றி, ஒருவரை இழுக்கச் சொல்லி, கண்ணால் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இனி படகுக்கு வருவோம். செல்ஃப் ஸ்டார்ட் உள்ள என்ஜினாக இருந்தால், முதலில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். மோட்டார் விறுவிறுவென்று சுற்றியும் என்ஜின் பிடிக்கவில்லையா, இல்லை சுற்றுவதே முக்கி முனகிச் சுற்றுகிறதா? முனகினால் கார்புரேட்டரைத் தொட வேண்டாம். பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வைத்துச் சாவியைத் திருப்புங்கள். முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி, சுற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி பலவீனம். இறங்காமல் நின்றும் மோட்டார் முனகினால் கேபிளிலோ அதன் முனைகளிலோ பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். மூணாறு சுற்றுவட்டாரத்தில் சில எஸ்டேட்டுகளில் ஜனவரி விடியலில் உறைபனி படியும். அந்தக் குளிரில் ஈய-அமில பேட்டரி தன் பலத்தில் கணிசமான பங்கை இழந்துவிடும். கியர் ஆயிலும் தடித்துப்போயிருக்கும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பெரும்பாலான பழைய அவுட்போர்டுகளில் ஸ்பார்க்குக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து வருவதில்லை. ஃப்ளைவீலில் பதித்த காந்தங்கள் சுருள்களைக் கடந்து சுற்றும்போது உண்டாகிறது. சுற்று வேகம் குறைந்தால் ஸ்பார்க்கும் மெலியும், ஓரளவுக்குக் கீழே போனால் வரவே வராது. ஆகவே பலவீனமான பேட்டரி என்ற ஒரே குற்றவாளி, ‘பிளக்கில் கரண்ட் இல்லை’ என்ற இன்னொரு வேடத்திலும் வந்து நிற்பான். காயில் மாற்றி, பிளக் மாற்றி, கடைசியில் பேட்டரி மாற்றியதும் சரியான என்ஜின்கள் எல்லாப் படகுத்துறையிலும் இருக்கும்.

நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் இரண்டு அற்பக் காரணங்களை முதலில் பார்த்துவிட வேண்டும். ஓட்டுபவர் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் சிவப்புச் சுருள் கயிற்றின் மறுமுனை, என்ஜினை அணைக்கும் சுவிட்சில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா? டேங்க் மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? இதையெல்லாம் சொன்னால் அனுபவசாலிகள் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே போய் ஒருமுறை தொட்டும் பார்ப்பார்கள்.

பிறகு பிளக்கைக் கழற்றுங்கள். சோக் போட்டுப் பல தடவை இழுத்த பிறகும் பிளக் நுனி காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. ஈரமாக, பெட்ரோல் வாசனையோடு இருந்தால் பெட்ரோல் வந்திருக்கிறது, தீதான் பிடிக்கவில்லை. நோயறிதலின் பாதி இந்த ஒரு பார்வையில் முடிந்துவிடுகிறது. நுனியில் கண்ணாடி மணி மாதிரி தனித்தனித் துளிகள் நின்றால் அது தண்ணீர், அதன் கதையே வேறு.

காய்ந்த பிளக் என்றால் பெட்ரோல் வரும் வழியைப் பின்தொடர வேண்டும். குழாயின் நடுவில் இருக்கும் ரப்பர் பல்பைக் கையால் அமுக்குங்கள். நாலைந்து அமுக்கில் அது கல்லாக இறுக வேண்டும். அமுக்கியது மேலெழாமல் சப்பையாகவே கிடந்தால் டேங்க் பக்கம் அடைப்பு. எவ்வளவு அமுக்கியும் இறுகவே இல்லையென்றால் எங்கோ காற்று புகுகிறது, அல்லது கார்புரேட்டரின் மிதவை ஊசி மூடாமல் பெட்ரோல் வழிந்துகொண்டிருக்கிறது. பல்பு சரியாக இறுகியும் பிளக் காய்ந்திருந்தால் சந்தேகம் கார்புரேட்டருக்குள் நகரும். அதை உறுதிசெய்ய ஒரு பழைய உபாயம் உண்டு: ஆயில் கலந்த பெட்ரோலைச் சின்ன ஸ்பிரே பாட்டிலில் எடுத்து கார்புரேட்டர் வாயில் ஒரே ஒரு பீய்ச்சல். பிளக்கை முதலில் திரும்ப மாட்டிவிட வேண்டும், சிந்தியதைத் துடைத்துவிட வேண்டும். உடனே பற்றி இரண்டு நொடியில் அணைந்தால் ஸ்பார்க்கும் கம்ப்ரெஷனும் நலம், பெட்ரோல் வரத்து மட்டுமே பிரச்சினை. டப்பாவில் விற்கும் ஈதர் ஸ்பிரேயை டூ ஸ்ட்ரோக்கில் அடிக்கவே கூடாது. இந்த என்ஜினுக்கு உயவு பெட்ரோலோடு கலந்த ஆயிலிலிருந்துதான். ஈதரில் அது இல்லை.

கார்புரேட்டரைக் கழற்றும் முன் அதன் கிண்ணத்தின் அடித் திருகைத் தளர்த்தி, உள்ளே இருப்பதை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். இந்த டம்ளர் நிறையச் சொல்லும். புதுப் பெட்ரோல் மூக்கில் சுரீரென்று ஏறும். பழையது மங்கிய மஞ்சளாகி, வார்னிஷ் கடை வாடை அடிக்கும். பெட்ரோல் ஒரே பொருளல்ல, எளிதில் ஆவியாகும் இலகு பகுதிகளும் கனத்த பகுதிகளும் கலந்தது. கிண்ணத்தில் வாரக்கணக்கில் நின்றால் இலகு பகுதிகள் முதலில் பறந்துவிடும், மலம்புழா வெயிலில் இன்னும் சீக்கிரம். குளிர்ந்த என்ஜினில் முதலில் பற்ற வேண்டியவை அவைதான். மிஞ்சுவது ஏறக்குறைய மண்ணெண்ணெய் குணத்தில் இருக்கும்.

மண்ணெண்ணெயின் குணம் கடற்கரைக்காரர்களுக்குத் தெரியும். கேரளக் கரை நெடுகவும் குமரிக் கடலோரத்திலும் மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டுகள் உண்டு. அவற்றையும் பெட்ரோலில்தான் ஸ்டார்ட் செய்வார்கள், சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்துவதற்குச் சற்று முன் மறுபடி பெட்ரோலுக்குத் திருப்பி, கிண்ணத்தில் பெட்ரோல் நிரம்பிய பிறகே அணைப்பார்கள். மறந்தால் மறுநாள் விடிகாலையில் கயிற்றை இழுத்தே கை ஓய்ந்துவிடும். ஏரிப் படகில் ஒரு மாதம் நின்ற பெட்ரோல் அதே வேலையைச் சொல்லாமல் செய்துவிடுகிறது.

டம்ளரின் அடியில் கலங்கலான தனி அடுக்கு தெரிகிறதா? அது எத்தனால் விவகாரம். நம் பெட்ரோலில் 2022-ல் 10 சதவீதமாக இருந்த எத்தனால் 2025-ல் 20-ஐத் தொட்டுவிட்டது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். ஏரிக்காற்று போய்வரும் டேங்கில், ஓரளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். குழாய் உறிஞ்சுவது டேங்கின் அடியிலிருந்துதான். பழைய ரப்பர் குழாய்களும் எத்தனாலில் ஊறி உப்பும், உட்பக்கம் உரிந்து அடைக்கும். எத்தனால் ஆவியாகப் பெட்ரோலைவிட நிறைய வெப்பம் கேட்கும் என்பதால் குளிரில் ஸ்டார்ட் ஆவதும் தாமதம்.

உயரத்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? மாட்டுப்பட்டியில் காற்றழுத்தம் மலம்புழாவைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. பெட்ரோலை அளந்துவிடும் துளையான ஜெட் அதேதான், காற்று மட்டும் மெலிந்துவிட்டது. எனவே கலவையில் பெட்ரோல் தூக்கலாகி, ஐட்லிங்கில் பிளக் கரிபிடித்து, அடுத்த ஸ்டார்ட் தாமதமாகும். 20 சதவீத எத்தனாலோ எதிர்த்திசையில் இழுக்கும். அதற்கு எரியக் காற்று குறைவாகப் போதும் என்பதால், பழைய ஜெட்டில் கலவை பெட்ரோல் குறைந்ததாகிவிடும். கணக்குப் போட்டால் இரண்டும் எட்டு சதவீதத்தை ஒட்டியே வருகின்றன, மலையில் ஒன்றையொன்று கிட்டத்தட்ட அடித்துக்கொண்டு போய்விடும். இது எனக்குப் பிடித்த வேடிக்கை. ஆனால் இது சூடாக ஓடும் என்ஜினுக்கான கணக்கு, குளிர்ந்த ஸ்டார்ட்டுக்கு உதவாது. மலைக்கென்று சிறிய ஜெட் போட்டவர், படகைக் கீழே இறக்கும்போது பழைய ஜெட்டைத் திரும்பப் போட மறந்தால் பிஸ்டன் சூடேறி சிலிண்டரிலேயே இறுகிவிடும்.

கார்புரேட்டரைப் பிரித்தால் முதலில் பார்க்க வேண்டியது பைலட் ஜெட். ஸ்டார்ட்டிங்குக்கும் ஐட்லிங்குக்கும் பெட்ரோல் தரும் அதன் துளை மயிரிழை அளவுதான். கம்பியால் குத்தினால் துளை பெரிதாகி ஜெட் பாழ். கிளீனரில் ஊறவைத்துக் காற்றடிக்க வேண்டும். தாமதமாகப் பற்றி, பற்றிய பிறகு ஐட்லிங்கில் நிற்காமல், வேகத்தில் மட்டும் ஒழுங்காக ஓடினால் இந்த ஜெட் மீதுதான் சந்தேகம். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்ததிலிருந்து புது பைக்குகள் பெரும்பாலும் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. ஜெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கும் பழக்கம் உள்ளவர் வேண்டுமென்றால், மெக்கானிக் கடையில் கொஞ்சம் நரைத்த தலையாகப் பார்த்துக் கேட்பது நல்லது.

ஈர பிளக் என்றால் கதை சுருக்கம். ஸ்பார்க் டெஸ்டரில் நீலமாகச் சொடுக்குகிறதா, மஞ்சளாக மினுங்குகிறதா என்று பார்க்க வேண்டும். திறந்த பிளக்கை பிளாக்கில் உரசிப் பார்க்கும் வழக்கம் பெட்ரோல் ஆவி சூழ்ந்த இடத்தில் ஆபத்து. ஸ்பார்க் நன்றாக இருந்தால் பெட்ரோல் அளவுக்கு மீறி வருகிறது: ஊசி தேய்ந்திருக்கும், மிதவை ஓட்டையாகிக் கனத்திருக்கும், அல்லது சோக் திறக்காமல் சிக்கியிருக்கும். டீ குடித்துவிட்டு வந்ததும் மட்டும் வரும் கோளாறும் இந்த இனம்தான். அணைத்த என்ஜினின் சூடு கிண்ணத்துக்கு ஏறிப் பெட்ரோலைக் கொதிக்கவைக்கும், அந்த ஆவி உள்ளே நிறைந்து ஓவர்ஃபுளோ ஆகும். அழுத்தம் குறைந்த மலையில் கொதிப்பு இன்னும் எளிது. அப்போது சோக்கைத் தொடாமல், ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திறந்துவைத்துச் சுற்றினால் பற்றிக்கொள்ளும். பழக்கதோஷத்தில் சோக் இழுப்பவருக்கு அன்றைய சவாரி போச்சு.

எல்லாம் பார்த்தும் சரியாகவில்லை என்றால் கம்ப்ரெஷன். உண்மையில் கார்புரேட்டருக்குக் காசு செலவழிக்கும் முன்பே இதை அளந்துவிடுவது புத்திசாலித்தனம், ஐந்து நிமிட வேலை. இரண்டு சிலிண்டர்களும் எவ்வளவு காட்டுகின்றன என்பதைவிட, இரண்டும் ஒன்றுக்கொன்று பத்து, பதினைந்து சதவீதத்துக்குள் இருக்கின்றனவா என்பதே முக்கியம். கீழே 120 பிஎஸ்ஐ காட்டிய என்ஜின் மாட்டுப்பட்டியில் 100-ஐ ஒட்டித்தான் காட்டும். அது ரிங் தேய்மானம் அல்ல, உள்ளே போகும் காற்றே அவ்வளவுதான். ஒன்று 100, இன்னொன்று 70 என்றால் மட்டும் ஹெட்டைக் கழற்றச் சொல்லலாம்.

மழைக்காலத்துக்குப் படகைக் கரையேற்றும்போது பெட்ரோல் குழாயைப் பிடுங்கிவிட்டு, என்ஜின் தானாக அணையும்வரை ஓடவிடுவது பலருடைய பழக்கம். கடைசி நொடிகளில் ஆயிலும் சேர்ந்தே வற்றுகிறது என்பதால் டூ ஸ்ட்ரோக்குக்கு அது அவ்வளவு உகந்ததல்ல. அப்படி ஓடவிட்டாலும் கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் மிஞ்சும். என்ஜினை அணைத்துவிட்டு, அடித் திருகைத் திறந்து, அதே டம்ளரில் முழுக்க வடித்துவிடலாம்.