உங்களுக்குத் தெரியுமா? எறியும் கையைப் பழக்கும் முறை

வளரும் சிறுவர்களின் தோளிலும் முழங்கையிலும் எலும்பு முனைகளில் குருத்தெலும்பாலான வளர்தட்டுகள் உள்ளன. ஓய்வின்றி எறிந்தால் இவை எளிதில் காயமடையும். ஆகவே பேஸ்பால் பருவத்துக்குச் சில வாரங்கள் முன்பே பயிற்சி தொடங்குகிறது: முதலில் மெல்லோட்டம், பின் குறைந்த தூர எறிதல், படிப்படியாகத் தூரம், கடைசியில் வேகம். அமெரிக்காவின் ‘பிட்ச் ஸ்மார்ட்’ வழிகாட்டுதல்படி, 11-12 வயதினர் ஒரு நாளில் 85 பந்துகளுக்கு மேல் வீசக்கூடாது. ஆண்டுக்கு 4 மாதமாவது எறிவதிலிருந்து ஓய்வு வேண்டும். ஈட்டி எறிபவர்களும் பேஸ்பாலுக்கு வருவதுண்டு: 2008-இல் அமெரிக்க பேஸ்பால் அணியான பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தம் செய்த இந்தியர்களான ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் முன்பு ஈட்டி எறிந்தவர்கள். நெய்வேலித் திடல்களில் ஈட்டி எறியும், வேகப்பந்து வீசும் சிறுவர்களுக்கும் இந்த நெறிகள் பொருந்தும்; கை வலித்தால் அன்றைய பயிற்சியை நிறுத்த வேண்டும்.