கும்பகோணம் வக்கீல் (புதினம்)

கும்பகோணம் வக்கீல் என்பது வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் (1880 - 1942) எழுதிய தமிழ்த் துப்பறியும் புதினம் ஆகும். திகம்பர சாமியார் என்னும் மாற்றுப் பெயரும் இதற்கு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெளிவந்த இப்புதினம், காவிரிப் படுகையின் பழைய நகரங்களைக் கதைக்களமாகக் கொண்டது.

ஆசிரியர்

வடுவூர், தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி செல்லும் சாலையில் உள்ள ஊராகும். அங்கு பிறந்த துரைசாமி ஐயங்கார் தாசில்தாராகப் பணியாற்றிப் பின்னர் முழுநேர எழுத்தாளரானார். மேனகா, மதன கல்யாணி, சௌந்தர கோகிலம், மாயா விநோதப் பரதேசி முதலியன இவருடைய பிற புதினங்கள். நிலத்தகராறும் வழக்கும் வருவாய்த் துறை அதிகாரியின் மேசைக்கு நாள்தோறும் வருபவை. எனவே வக்கீல்களின் உலகம் இவருக்குப் புதியதன்று.

கதைக்களம்

அன்றைய தஞ்சாவூர் மாவட்டம் கொள்ளிடக் கரையிலிருந்து அதிராம்பட்டினக் கடற்கரை வரை பரந்திருந்தது. நெல் விளையும் நிலமே அங்கு செல்வம். நிலம் இருந்த இடத்தில் வழக்கும் இருந்தது. காவிரிக்கும் அரசலாற்றுக்கும் இடையே அமைந்த கும்பகோணம், கோயில்களுக்கும் மகாமகக் குளத்திற்கும் மட்டுமன்றி, 1854இல் தோன்றிய கல்லூரிக்கும் ஆங்கிலம் கற்ற வக்கீல்களுக்கும் பெயர் பெற்றிருந்தது. கோயில் நகரம் என்றே அறியப்பட்ட ஊரில், சட்டம் படித்தவரையே குற்றவாளியாக நிறுத்தியது ஆசிரியரின் துணிவு எனலாம்.

வெனிசு நகரின் கால்வாய்களும் குறுகிய சந்துகளும் டோனா லியோன் 1992 முதல் எழுதிவந்த துப்பறியும் புதினங்களுக்கு உயிரூட்டுகின்றன. அப்பணியை இங்கு அக்கிரகாரங்களும் மிராசுதார் வீடுகளும் செய்கின்றன.

கதை

வடிவாம்பாள் என்னும் பெண் கண்ணப்பனை மணக்க விரும்புகிறாள். செல்வாக்கு மிக்க சட்டநாத பிள்ளை என்னும் வக்கீலும் அவருடைய கூட்டாளிகளும் அதற்குத் தடையாக நிற்கின்றனர். சட்டத்தை அறிந்தவரே அதை வளைக்கும்போது எளியோர் யாரிடம் முறையிடுவது என்பதே கதையின் உள்ளீடான கேள்வி. நீதிமன்றம் எட்டாத இடத்தில் திகம்பர சாமியார் நுழைகிறார்.

துப்பறிவாளர்

திகம்பரம் என்றால் திசைகளையே ஆடையாக உடையது என்று பொருள். துறவிப் பெயர் தாங்கிய இவர் ஒரு தேர்ந்த துப்பறிவாளர். சர் ஆர்தர் கொனன் டொயிலின் சேர்லக் ஓம்சு சாம்பலையும் காலடித் தடத்தையும் ஆராய்பவர். சாமியாரின் முதன்மையான கருவி மாறுவேடம். சாதி, தொழில் வேறுபாடுகள் இறுகியிருந்த ஊரில் உடையையும் பேச்சையும் மாற்றினாலன்றி ஒருவர் எல்லா வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட முடியாது. ஆகவே இம்முறையை வெறும் கதை வசதி என ஒதுக்குவதற்கில்லை.

தமிழில் துப்பறியும் கதை இவரால் தொடங்கப்படவில்லை. பண்டித நடேச சாஸ்திரியின் தானவன் 1894இலேயே வெளிவந்தது. ஆரணி குப்புசாமி முதலியாரும் ஜே. ஆர். ரங்கராஜுவும் இத்துறையில் பெரும் வாசகர் கூட்டத்தைப் பெற்றனர். அக்காலப் புதினங்கள் பல ஆங்கிலக் கதைகளைத் தழுவியவை என்பதால் திறனாய்வாளர்கள் இவற்றைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. எனினும் தமிழில் உரைநடைக் கதை வாசிக்கும் பழக்கத்தைப் பரப்பியதில் இவற்றின் பங்கு பெரிது. வடமொழிச் சொற்கள் விரவிய நெடிய வாக்கியங்களும் அறிவுரைகளும் இன்றைய வாசகரைச் சற்றுச் சோர்வடையச் செய்யக்கூடும்; உரையாடல் பகுதிகள் அவ்வாறல்ல.

திரைப்படம்

இப்புதினத்தைத் தழுவி சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் 1950இல் திகம்பர சாமியார் என்ற திரைப்படத்தை வெளியிட்டது. இயக்கியவர் டி. ஆர். சுந்தரம். பின்னாளில் வில்லனாகப் புகழ்பெற்ற எம். என். நம்பியார் இதில் சாமியாராகப் பத்துக்கும் மேற்பட்ட வேடங்களில் தோன்றினார். இவர் கதாநாயகனாக நடித்த மிகச் சில படங்களுள் இதுவும் ஒன்று. ஐயங்காரின் மேனகா முன்னரே, 1935இல், ராஜா சாண்டோ இயக்கத்தில் திரைப்படமாகியிருந்தது, என். எஸ். கிருஷ்ணன் அதில்தான் திரைக்கு அறிமுகமானார்.