அமெரிக்கக் காரும் அங்குல ஸ்பேனரும்

பழைய அமெரிக்கக் கார்கள் என்றால் உங்களில் பலருக்கு என்ன நினைவு வரும்? ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூரில் வரிசையாக நின்று வெயிலில் பளபளக்கும் பெரிய வண்டிகளும், அவற்றின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் வசதி படைத்தவர்களுமாக இருக்கும். நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சம்பந்தம் உண்டு. அந்த வண்டிகள் உருண்டதே நம் பாட்டன், பாட்டி சீவிய பாலில்தான்.

ஹென்றி போர்டு 'மாடல் டி' காரை 1908-ல் வெளியிட்டார். 1927-ல் அது நிற்கும்வரை ஒன்றரைக் கோடி வண்டிகள் விற்றன. ஒரு வண்டிக்கு நான்கு டயர் என்று கணக்குப் போடுங்கள். டயர் தேய்ந்தால் மறுபடி நான்கு. சிரம்பானிலிருந்து பகாவ் வரை, போர்ட்டிக்சனிலிருந்து கிம்மாஸ் வரை காடு வெட்டிப் பால்மரம் நட்டதன் காரணம் இந்தக் கணக்குத்தான். உலகத்து ரப்பரில் பெரும்பகுதியை அமெரிக்காவே வாங்கியது. 1922-ல் ஆங்கிலேயர் ஸ்டீவன்சன் திட்டம் என்ற ஒன்றைக் கொண்டுவந்து உற்பத்தியைக் கட்டுப்படுத்தி விலையை ஏற்றினார்கள். அமெரிக்கர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. பயர்ஸ்டோன் லைபீரியாவில் மரம் நடப் போனார். போர்டு பிரேசில் காட்டுக்குள் 'போர்ட்லாந்தியா' என்று ஒரு தோட்டமே போட்டார். இலைநோய் அவருடைய மரங்களைத் தின்றுவிட்டது. 1945-ல் அதைக் கைகழுவினார்கள். மரம் வளர்ப்பது கார் செய்வதுபோல அல்ல என்பதை நம் கங்காணிகளைக் கேட்டிருந்தால் காசு வாங்காமலே சொல்லியிருப்பார்கள்!

சிரிப்புக்கு இடமில்லாத கதையும் இதில் உண்டு. 1929-ல் அமெரிக்காவில் சுமார் 53 லட்சம் வண்டிகள் செய்யப்பட்டன. 1932-ல் அது சுமார் 13 லட்சமாக விழுந்தது. நியூயார்க்கில் ரப்பர் விலை ராத்தல் மூன்று நான்கு சென்ட்டுக்கு இறங்கியது. எங்கோ டெட்ராய்ட்டில் ஒரு தொழிற்சாலை பாதி நாள் மூடினால், இங்கே பிரட்டில் பெயர் கூப்பிடுவது பாதியாகும். அந்த ஆண்டுகளில் நம்மவர்களில் பல்லாயிரம் பேரைக் கப்பலேற்றித் தமிழ்நாட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். உங்கள் வீட்டில் 'பாட்டா ஒருதரம் ஊருக்குப் போய்த் திரும்பி வந்தவரு' என்று யாராவது சொல்லக் கேட்டிருந்தால், எந்த ஆண்டு என்று விசாரித்துப் பாருங்கள்.

பிறகு சண்டை வந்தது. 1942 பிப்ரவரி 15-ந் தேதி ஆங்கிலேயர் ஜப்பானியரிடம் சரணடைந்து கையெழுத்திட்ட இடம் எது தெரியுமா? சிங்கப்பூர் புக்கிட் தீமாவில் இருந்த போர்டு கார் தொழிற்சாலை. நான்கு மாதத்துக்கு முன்புதான் அதைத் திறந்திருந்தார்கள். அதே பிப்ரவரியில் அமெரிக்காவில் பொதுமக்களுக்குக் கார் செய்வதையே நிறுத்தினார்கள். ஆகவே '1943 மாடல், 1944 மாடல்' என்று சொல்லி யாராவது ஓர் அமெரிக்கக் காரை உங்களிடம் விற்க வந்தால் நம்பாதீர்கள். அப்படி ஒன்று கிடையாது. மலாயா ரப்பர் கைவிட்டுப் போனதால் அங்கே டயருக்குப் பங்கீடு வந்தது. டயர் தேயக் கூடாதென்று நாடு முழுவதும் மணிக்கு 35 மைலுக்கு மேல் ஓட்டத் தடை போட்டார்கள். நம் உளிக்கு அவ்வளவு மதிப்பு இருந்திருக்கிறது.

அமெரிக்கக் கார் என்று சொல்கிறோமே தவிர, இங்கே வந்த போர்டுகள் கனடாவின் வழியாக வந்தவை. ஆங்கிலேயர் ஆண்ட நாடுகளுக்குக் கனடாவிலிருந்து அனுப்பினால் சுங்கவரி குறைவு. 1926-ல் அமைந்த மலாயா போர்டு கம்பெனியும் கனடா போர்டின் பிள்ளைதான். வலப்பக்கம் ஸ்டேரிங் வைத்த அமெரிக்கக் கார் நமக்கு வந்த வழி இது.

இந்த வண்டிகளை ஓட்டுவதே ஒரு தனி வித்தை. மாடல் டி-யில் காலால் மிதிக்க மூன்று பெடல் உண்டு. ஆனால் எண்ணெய் கொடுப்பது காலில் அல்ல, ஸ்டேரிங் அடியில் உள்ள கைப்பிடியில். இடது பெடல் கியர், நடுப்பெடல் ரிவர்ஸ், வலது பெடல் பிரேக். பெட்ரோல் டாங்கி முன் இருக்கைக்கு அடியில். பம்ப் கிடையாது, பெட்ரோல் தானாக வழிந்து கார்புரேட்டருக்கு வரவேண்டும். டாங்கியில் எண்ணெய் குறைந்திருக்கும்போது செங்குத்தான மேட்டில் மூக்கைத் தூக்கினால் இஞ்சின் அணைந்துவிடும். அதனால் ரிவர்சில் ஏறுவார்கள். சிரம்பானிலிருந்து கோலப்பிலா போகும் பழைய புக்கிட் பூத்துஸ் வளைவுகளை அறிந்தவர்கள், அந்த மேட்டில் பின்பக்கமாகவே ஒரு கார் ஏறிப் போவதைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள்.

இனி நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். என்னிடம் படித்த பிள்ளை ஒருவனின் தாத்தா, தோட்டத்தில் பால் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது விட்டுப்போன 1951 மாடல் ஷெவர்லே ஒன்று அவரிடம் இருந்தது. லயத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இருபது வருடமாகப் படுத்துக்கிடந்தது. கோழி முட்டை வைக்கும் இடமும் அதுதான். தோட்டம் கைமாறியது. வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. மகன் இருப்பது சிரம்பானில் அடுக்குமாடி வீட்டில். அங்கே மோட்டார் சைக்கிள் நிறுத்தவே இடமில்லை. பழைய இரும்புக்காரர் வந்து எடை போட்டு விலை சொன்னார். மகனுக்குச் சம்மதம். பெரியவர் மட்டும் வாய் திறக்கவில்லை.

"ஐயா, வண்டி ஓடுமா?" என்று கேட்டேன்.

"இஞ்சின் செத்துப் போவல சார். தூங்குது. எழுப்பணும், அவ்வளவுதான். ஆனா என் கை நடுங்குதே" என்றார்.

கை அவருடையது நடுங்கியது. பேரனுக்கும் அவன் கூட்டாளிக்கும் நடுங்கவில்லை. ஐந்தாம் படிவம் முடித்துவிட்டுச் சும்மா சுற்றிக்கொண்டிருந்த பையன்கள். பெரியவர் முக்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அவர்கள் செய்தார்கள். ஆறு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, துளை வழியாக டீசலும் கொஞ்சம் இஞ்சின் எண்ணெயும் கலந்து ஊற்றி, ஒரு வாரம் ஊறவிட்டார்கள். அதன் பிறகும் பலமாகச் சுற்ற விடவில்லை. 'குழந்தைய ஆட்டுறாப்புல' முன்னும் பின்னும் மெல்ல அசைக்கச் சொன்னார். மூன்றாம் நாள் கால் அங்குலம் நகர்ந்தது. பிஸ்டன் வளையம் துருவில் ஒட்டியிருக்கும்போது பலத்தைக் காட்டினால் வளையம் ஒடிந்துவிடும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

முதல் சண்டை ஸ்பேனரில் வந்தது. பையன்கள் கொண்டுவந்தது இன்றைய மில்லிமீட்டர் ஸ்பேனர். அமெரிக்க நட்டுகள் அங்குலக் கணக்கு. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர், 13 போட்டால் பொருந்துவதுபோலத் தெரியும், அழுத்தித் திருப்பினால் நட்டின் முனை மழுங்கிவிடும். இரண்டு நட்டு மழுங்கிய பிறகுதான் பெரியவர் கட்டிலுக்கு அடியிலிருந்து தம் பழைய ஸ்பேனர் பையை எடுத்துக் கொடுத்தார். கொடுப்பதற்கு முன் ஒவ்வொன்றாக எண்ணிக்காட்டினார்!

அந்த மாடல் இஞ்சினில் வேறொரு நுணுக்கமும் உண்டு. இன்றைய இஞ்சினில் எண்ணெயைப் பம்ப் அழுத்தி எல்லாப் பேரிங்குக்கும் அனுப்பும். 1953 வரை வந்த சாதாரண ஷெவர்லே ஆறு சிலிண்டரில், கனெக்டிங் ராடின் அடியில் சின்னக் கரண்டிபோல ஒன்று இருக்கும். அது சுற்றும்போது எண்ணெயை மொண்டு தானே ஊட்டிக்கொள்ளும். பேரிங், ஒயிட் மெட்டலை உருக்கி ஊற்றியது. ஆகவே அடிச்சட்டியில் பழைய எண்ணெய்க் கசடு களிமண்போலப் படிந்திருந்தால், கரண்டிக்கு எண்ணெய் கிடைக்காது, பேரிங் உருகிவிடும். அடிச்சட்டியைக் கழற்றிக் கழுவாமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது என்று பிடிவாதமாக நின்றார் பெரியவர். கழற்றியபோது இரண்டு விரற்கடை கசடு இருந்தது.

பாட்டரி 6 வோல்ட். வோல்ட் பாதியானால் அதே வேலைக்கு மின்சாரம் இரட்டிப்பாக ஓடவேண்டும். அதனால் தடித்த கம்பி வேண்டும். இடையில் யாரோ மெல்லிய கம்பி போட்டுவிட்டிருந்தார்கள். ஸ்டார்ட்டர் முனகியதே தவிரச் சுற்றவில்லை. இதை நான் வகுப்பில் அறிவியல் பாடத்தில் சொல்லியிருக்கிறேன், அந்தப் பையன் அன்று கவனிக்கவில்லை. கொட்டகையில் கவனித்தான்.

ஐந்தாவது வாரம் இஞ்சின் பேசியது. முதலில் வெள்ளைப் புகை, அப்புறம் இருமல், அப்புறம் தையல் மிஷின்போல ஒரே சீராக ஓசை. பெரியவர் கண்ணை மூடிக் காதைக் கொடுத்து, "நாலாவது வால்வு கொஞ்சம் இறுக்கு" என்றார். அளவுக்கருவி வைத்துப் பார்த்தோம். அவர் சொன்னது சரி.

சேதி பரவியதும், எடைக்கு விலை பேசிய அதே ஆசாமி வந்து நான்கு மடங்கு தருவதாகச் சொன்னார். மகனுக்கும் தகப்பனுக்கும் அன்று பலத்த வாக்குவாதம். மகனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வீட்டுக் கடன் அவன் தலையில். கடைசியில் கோலப்பிலா பக்கம் உறவுக்காரர் ஒருவர் தம் வளவில் இடம் கொடுத்தார். கார் இப்போது அங்கே ஒரு ரம்புத்தான் மரத்தடியில் இருக்கிறது. டயர்கள் வெடித்துப்போயிருப்பதாலும், மூன்றரை லிட்டர் இஞ்சினுக்குச் சாலை வரி கட்டவேண்டியிருப்பதாலும் ரோட்டுக்கு இன்னும் வரவில்லை. கூட்டாளிப் பையன் செனவாங்கில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். பேரன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான்.

கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு, ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப்போட்டு மறுபடி பூட்டித்தான் இயந்திரம் கற்றார். 1920-ல் ஒரே பஸ்ஸோடு தொழில் தொடங்கினார். அவர் பெயரில் அவினாசி சாலையில் இன்று கார் காட்சிசாலை இருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் மலாக்கா பண்டார் ஹிலிர் சுதந்திர நினைவகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகலாம். துங்கு பயன்படுத்திய ஷெவர்லே அங்கே வைக்கப்பட்டிருக்கிறது.

உங்கள் வீட்டுக் கொட்டகையிலும் அப்படி ஒன்று கிடந்தால், முதலில் கிராண்டைத் தேடி எடுங்கள்; அது இல்லாத வண்டிக்கு எடை விலைதான். பிரேக்கை நம்பித் தள்ளிப் பார்க்காதீர்கள். உள்ளே உள்ள ரப்பர் கிண்ணங்கள் ஊறிப்போயிருக்கும். அந்தக் காலத்துப் பிரேக் பட்டையில் கல்நார் கலந்திருக்கும். அதன் தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு. டிரம்மைத் திறக்கும்போது வாயால் ஊதவோ காற்றடிக்கவோ கூடாது. தண்ணீர் தெளித்து ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள். பிள்ளைகளைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.