பசிக்கும் முன்னே ஒரு வாய்

பிப்ரவரி பிறந்தால் சென்னையின் கோவிலம்பாக்கம், மேடவாக்கம் பக்கத்து நண்பர் குழுக்களில் வெள்ளியங்கிரி மலையேற்றப் பேச்சு தொடங்கிவிடும். வெள்ளிக்கிழமை இரவு கோவை பஸ், மறுநாள் பூண்டி அடிவாரம், கையில் மூங்கில் தடி. வாரமெல்லாம் நாற்காலியில் இருந்த உடம்பு ஏழு மலை ஏறி இறங்க வேண்டும். ஷூவையும் டார்ச்சையும் பார்த்துப் பார்த்து வாங்குகிறவர்கள் சாப்பாட்டைப் பற்றிக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். பாதி வழியில் கால் துவண்டு கண்ணைக் கட்டும்போது, பழி முழங்காலுக்குப் போகிறது.

நம் ரத்தத்தில் ஓடும் குளுக்கோஸ் சுமார் 5 கிராம்தான். அது குறையாமல் பார்த்துக்கொள்வது கல்லீரல். அதன் கையிருப்பு ஏறக்குறைய 100 கிராம் கிளைகோஜன். தசைகளில் இன்னும் 400 கிராம் போல இருக்கும். ஆனால் தொடைத் தசையில் இருப்பது தொடைக்கே, மூளைக்குக் கிடைக்காது. கொழுப்பு தாராளமாக உண்டு. ஆனால் அதிலிருந்து ஆற்றல் மெதுவாகத்தான் வரும், ஆக்சிஜனும் கூடுதலாகத் தேவை. மூச்சிரைக்க ஏறும் செங்குத்துப் படிகளில் உடம்பு கிளைகோஜனைத்தான் அதிகம் எரிக்கும். உச்சியில் குளிர்காற்றில் நடுங்கினால் அதற்கும் தனிச் செலவு.

1924-இல் பாஸ்டன் மாரத்தான் ஓடி முடித்தவர்களின் ரத்தத்தை மருத்துவர்கள் சோதித்தார்கள். தள்ளாடி வந்தவர்களுக்குச் சர்க்கரை வெகுவாக இறங்கியிருந்தது. அடுத்த ஆண்டு ஓட்டத்தின் நடுவே மிட்டாய் சாப்பிட வைத்தார்கள். சர்க்கரையும் இறங்கவில்லை, ஆட்களும் தெளிவாக வந்து சேர்ந்தார்கள். சுவீடனில் 1922 முதல் நடக்கும் 90 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் போட்டியான வாசலோப்பெட்டில், வழிநெடுக இனிப்பான புளூபெர்ரி சூப்பைச் சூடாகத் தருகிறார்கள். பனியானாலும் பாறையானாலும் கணக்கு ஒன்றுதான்.

அந்தக் கணக்கு: நீண்ட நேர உழைப்பில் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து. நடுத்தர வாழைப்பழம் இரண்டில் சுமார் 50 கிராம் கிடைத்துவிடும். பசிக்கட்டும் என்று காத்திருக்காமல், அரை மணிக்கு ஒருமுறை ஒரு வாய் போட்டுக்கொள்ள வேண்டும். ஏற்றத்தில் வாழைப்பழமும் பேரீச்சையும் நல்லது. கடலை மிட்டாயில் வெல்லம் சீக்கிரம் ரத்தத்தில் சேரும். கடலையின் கொழுப்போ வயிற்றில் தங்கும். அதை உட்கார்ந்து இளைப்பாறும்போது சாப்பிடலாம். எலுமிச்சைச் சாற்றில் சர்க்கரையோடு ஒரு சிட்டிகை உப்பும் சேருங்கள். சோடியம் கூட இருந்தால்தான் சிறுகுடல் குளுக்கோஸை வேகமாக உறிஞ்சும். வயிற்றுப்போக்குக்குத் தரும் உப்புச் சர்க்கரைக் கரைசலின் சூட்சுமமும் இதுதான்.

விரதத்தோடு ஏறுகிறவர்களுக்குக் கல்லீரல் இருப்பு முன்னதாகவே குறைந்திருக்கும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் கிளம்பவே கூடாது.

உச்சியில் சிவன் தரிசனம் முடிந்ததும் பையில் இருப்பதைப் பங்கு போட்டுத் தீர்த்துவிடுவது வழக்கம். ஆனால் இறக்கத்தில் தொடைத் தசைகள் ஒவ்வொரு படியிலும் உடல் எடையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். களைத்த கால் அங்கேதான் இடறும். ஒரு பங்கை இறக்கத்துக்கென்று தனியே முடிந்து வையுங்கள்.

நடந்துகொண்டே சாப்பிடக் குடலுக்கும் பழக்கம் வேண்டும். தொடர்ந்து பழக்கினால் அது உழைப்பின் நடுவிலும் மாவுச்சத்தை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். சில வாரங்கள் முன்பே, ஞாயிறு காலையில் திருநீர்மலைப் படிகளை நாலைந்து முறை ஏறி இறங்குங்கள், இடையிடையே வாழைப்பழத்தோடு. எது வயிற்றுக்கு ஒத்துவரும், எது குமட்டும் என்பது வீட்டுக்குப் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.