விரல் நுனிக்கு வரும் சேதி

மாட்டுத்தாவணி என்றால் இன்றைக்கு மதுரைக்காரர்களுக்குப் பேருந்து நிலையம், பூ மார்க்கெட். அதற்கு முன்னால் அங்கே கூடியது மாட்டுச் சந்தை. தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளில் தரகரும் வியாபாரியும் விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை. தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இருவர் கையையும் மூடி, உள்ளே விரலைப் பிடித்தே பேரம் பேசுவார்கள். சுற்றி நிற்பவர் எத்தனை பேரானாலும் தொகை வெளியே தெரியாது. கண்ணும் காதும் வேண்டாம், தோல் வழியாகவே கணக்கைச் சொல்லிவிடலாம் என்பது அந்தத் தரகர்களுக்கு வெகுகாலமாகத் தெரியும்.

அதே வேலையை ஒரு கையுறைக்கோ, விரல் நுனியில் மாட்டும் சின்னக் கருவிக்கோ கற்றுக்கொடுக்கும் துறைக்கு ஹாப்டிக்ஸ் என்று பெயர். தொலைவில் ஒரு ரோபோ எதையாவது பிடிக்கிறது. பிடித்த பொருள் கெட்டியா, மெத்தென்றிருக்கிறதா, வழுக்குகிறதா என்பது இங்கே அதை இயக்குபவரின் விரலுக்குத் தெரிய வேண்டும். ரோபோவுக்குக் கட்டளை அனுப்புவது இப்போது பெரிய வித்தை இல்லை. அங்கிருந்து தொடு உணர்வைத் திருப்பிக் கொண்டுவருவதில்தான் சிக்கல்.

ஒரு கையின் உள்ளங்கைப் பக்கத்தில் மட்டும் ஏறத்தாழ 17,000 தொடு நரம்பு முனைகள் இருப்பதாகச் சுவீடனின் யோஹான்சனும் வால்போவும் 1979-இல் கணக்கிட்டார்கள். எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை. சில, விளிம்பையும் அழுத்தத்தையும் கவனிக்கும். சில, தோல் இழுபடுவதைக் கவனிக்கும். ஆழத்தில் கிடக்கும் பசினியன் உறுப்புகள் விநாடிக்கு 200, 300 முறை அதிரும் மெல்லிய நடுக்கத்தைக்கூட விடாமல் பிடிக்கும். கையில் உள்ள டம்ளர் சற்றே நழுவினால், நாம் யோசிப்பதற்குள், 100 மில்லி விநாடிக்கும் குறைவான நேரத்தில் பிடி தானாக இறுகிவிடுகிறது.

யோஹான்சனின் ஆய்வகத்தில் எடுத்த ஒரு படம் மாணவர்களிடையே பிரபலம். ஒரு பெண் தீப்பெட்டியிலிருந்து குச்சியை எடுத்துப் பற்றவைக்கிறார். சில நொடிகளில் முடிகிறது. பிறகு விரல் நுனிகளை மட்டும் மரத்துப்போகச் செய்து அதையே செய்யச் சொல்கிறார்கள். தசைக்கு ஒன்றும் ஆகவில்லை, கண் நன்றாகத் தெரிகிறது. ஆனாலும் குச்சி நழுவுகிறது, விழுகிறது, தலைகீழாக வருகிறது. பற்றவைக்கப் பல மடங்கு நேரம் ஆகிறது. கேமராவை மட்டும் நம்பி ரோபோ ஓட்டுபவரின் நிலைமை ஏறக்குறைய இதுதான்.

முதலில் இதை உணர்ந்தவர்கள் அணு விஞ்ஞானிகள். கதிரியக்கப் பொருளைக் கையால் தொட முடியாது, ஆனால் நுணுக்கமாகக் கையாள வேண்டும். அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் ரேமண்ட் கோர்ட்ஸ் 1940-களின் இறுதியில் ஒரு ஜோடி இயந்திரக் கைகளைச் செய்தார். தடித்த சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை. நடுவே கம்பியும் கப்பியும். அந்தக் கை எதிலாவது இடித்தால் கம்பி வழியாக இந்தக் கைக்கும் உறைக்கும். அந்த வம்சத்துக் கருவிகள் கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் ஈயச்சுவர் அறைகளில் இன்றும் உழைக்கின்றன. 1950-களில் கோர்ட்ஸ் கம்பியை எடுத்துவிட்டு மோட்டாரையும் மின்சாரத்தையும் வைத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் என்ற எல்லை அதோடு போயிற்று. மின்கம்பி எட்டும் தூரமெல்லாம் கை எட்டியது.

எட்டியதும் அடுத்த வில்லங்கம் வந்தது: தாமதம்.

இங்கேதான் பெங்களூரில் படித்து அமெரிக்கா சென்ற மண்டயம் சீனிவாசன் வருகிறார். எம்.ஐ.டி.யில் தொடு உணர்வுக்கென்றே தனி ஆய்வகம் நடத்தியவர். 2002 அக்டோபர் 29 அன்று அவருடைய குழுவும் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் மெல் ஸ்லேட்டரின் குழுவும் ஒரு சோதனை செய்தன. பாஸ்டன் பக்கம் ஒருவர், லண்டனில் ஒருவர். திரையில் ஒரு கனசதுரம். இருவரும் ஆளுக்கொரு பக்கம் நெம்பி அதைத் தூக்க வேண்டும். கையில் பேனா போன்ற முனையுள்ள ‘ஃபேன்டம்’ கருவி. அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் இருப்பவர் தள்ளினால் இங்கே கையில் தெரிந்தது. (ஃபேன்டமை உருவாக்கிய எம்.ஐ.டி. மாணவர் தாமஸ் மேஸி பிறகு அரசியலுக்குப் போய் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரானார்.)

தாமதம் ஏன் இவ்வளவு பெரிய தொல்லை? சினிமாவுக்கு விநாடிக்கு 24 படம் போதும், கண் ஏமாந்துவிடும். தோல் அப்படி ஏமாறாது. கெட்டியான பொருளைக் கெட்டியாகவே காட்ட விநாடிக்குச் சுமார் 1,000 முறை விசையைக் கணக்கிட்டு அனுப்ப வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர்தான் போகும். அட்லாண்டிக்கைத் தாண்டித் திரும்ப 50 மில்லி விநாடியாவது பிடிக்கும். அதற்குள் நடக்கும் கூத்து இது: ரோபோவின் கை சுவரில் முட்டுகிறது. சேதி இன்னும் வரவில்லை, இயக்குபவர் மேலும் அழுத்துகிறார். தாமதமாக வந்த எதிர்விசை அவர் கையை வெடுக்கென்று பின்னால் தள்ளுகிறது. ரோபோவும் பின்வாங்குகிறது. அவர் மறுபடி அழுத்துகிறார். கொஞ்ச நேரத்தில் இரண்டு முனையும் கிடுகிடுவென்று ஆட ஆரம்பிக்கும். அறுவை சிகிச்சையில் இப்படி ஆடினால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

உடலில் அணியும் கருவிகளுக்கு மவுசு வந்ததற்கு இந்த ஆட்டம் முக்கியமான காரணம். இத்தாலியின் சியானா பல்கலைக்கழகத்தில் டொமெனிகோ பிராட்டிகிட்சோவின் குழு செய்த கருவி விரல் நகத்தின் மேல் உட்கார்ந்துகொள்ளும். மூன்று குட்டி மோட்டார்கள், மூன்று நூல்கள். நூல்களின் முனையில் விரல் சதைக்குக் கீழே ஒரு சின்னத் தட்டு. மோட்டார் நூலை இழுத்தால் தட்டு சதையை அழுத்தும், சாய்க்கும். கையைப் பின்னால் தள்ளும் விசை எதுவும் இல்லை, தோல் மட்டும் அமுங்குகிறது. கை தள்ளப்படாததால் அந்த ஆட்டம் கிளம்ப வழியில்லை. உணர்வு முழுமையாகக் கிடைக்காது; ஆனால் வேலை கெடாது. முழு விசையையும் கொடுக்கத் துடித்தவர்களைவிட, பாதியை விட்டுக்கொடுத்தவர்கள் கெட்டிக்காரர்கள் என்றே தோன்றுகிறது.

சென்னை ஐ.ஐ.டி.யிலும் இதே துறையில் பேராசிரியர் எம். மணிவண்ணனின் தொடு உணர்வு ஆய்வகம் இருக்கிறது. அங்கே உருவான ‘ஐ-டேட்’ திரையில் நகரும் பாகம் எதுவும் கிடையாது. மின்புலத்தை மாற்றி, விரலுக்கும் திரைக்கும் இடையிலான உராய்வைக் கூட்டிக் குறைக்கிறார்கள். வழவழப்பான பரப்பே விளிம்பாகவும் சொரசொரப்பாகவும் விரலுக்குத் தோன்றுகிறது.

மருத்துவத்தில் ஒரு விசித்திரம். 2001 செப்டம்பரில் நியூயார்க்கில் உட்கார்ந்து ஜாக் மாரெஸ்கோ பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் இருந்த பெண்ணின் பித்தப்பையை ரோபோ மூலம் அகற்றினார். 2018 டிசம்பரில் டாக்டர் தேஜஸ் படேல் காந்திநகர் அக்ஷர்தாம் கோயில் வளாகத்திலிருந்து, 32 கிலோமீட்டர் தள்ளி அகமதாபாத்தில் இருந்த நோயாளிகளின் இதயக் குழாய் அடைப்பை நீக்கினார். உலகெங்கும் பரவிய டாவின்சி அறுவை சிகிச்சை ரோபோவோ இருபது ஆண்டுகளுக்கு மேல் விசை உணர்வு இல்லாமலேயே ஓடியது. நூலை எவ்வளவு இழுக்கலாம் என்பதை, திசு எப்படிச் சுருங்குகிறது என்று கண்ணால் பார்த்தே மருத்துவர்கள் பழகினார்கள். 2024-இல் வந்த ஐந்தாம் மாடலில்தான் விசையை உணர்த்தும் வசதி சேர்ந்தது. திறமைசாலிகள் கண்ணை வைத்தே சமாளித்துவிடுகிறார்கள். ஆனால் அங்கே நல்ல வெளிச்சமும் தெளிவான கேமராவும் உண்டு.

இரண்டுமே இல்லாத இடம் சாக்கடைக் குழி. 2022 ஏப்ரலில் மதுரை பழங்காநத்தம் நேரு நகரில் கழிவுநீர்த் தொட்டி மோட்டாரைப் பழுது பார்க்கப் போன மூன்று தொழிலாளர்கள் விஷவாயு தாக்கி இறந்தார்கள். பாதுகாப்புக் கவசம் இல்லாமல் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது, ஆனாலும் இறங்குகிறார்கள். கேரளத்தின் ஜென்ரோபோடிக்ஸ் செய்த ‘பேண்டிகூட்’ ரோபோ கும்பகோணத்திலும் கோவையிலும் பயன்பாட்டுக்கு வந்தது. கேமரா காட்டுவதைத் திரையில் பார்த்து, மேலே நின்றபடியே அதன் கையை இறக்கி அடைப்பை அள்ளலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் பிரபு ராஜகோபால் குழு உருவாக்கிய ‘ஹோமோசெப்’, செப்டிக் டேங்கில் குடைபோல விரியும் கத்திகளை இறக்கி, இறுகிய கசடைக் கலக்கிக் கூழாக்கி உறிஞ்ச உதவுகிறது.

கேமரா கறுப்புத் தண்ணீருக்குள் முங்கிய பிறகு திரையில் என்ன தெரியும்? கல்லா, துணி மூட்டையா, குழாயின் விளிம்பா என்று அந்த நிமிடத்தில் சொல்லக்கூடியது தொடு உணர்வு ஒன்றுதான். நூற்றுக்கும் மேற்பட்ட காற்றுக் குமிழ்களால் உள்ளங்கையை அழுத்தும் ‘ஹேப்ட்எக்ஸ்’ கையுறைகள் ஒரு ஜோடி பல லட்ச ரூபாய். எந்த நகராட்சியும் வாங்காது, வாங்கவும் வேண்டாம். மூன்று மோட்டாரும் மூன்று நூலும் உள்ள விரல் கருவி போதும். குழிக்கும் இயக்குபவருக்கும் இடையே சில மீட்டர்தான் என்பதால் தாமதத் தொல்லையும் இல்லை. மிச்சமிருப்பது மறுமுனை: சகதியிலும் அமிலத்திலும் மாதக்கணக்கில் கிடந்து தாங்கும், மீத்தேன் தேங்கிய குழியில் பொறி பறக்காத, மலிவான விசை உணரி ஒன்றை அந்த ரோபோவின் கையில் பொருத்துவது.