சொந்தக் கதை, சொந்தச் செலவு

நாற்பது வருடம் வகுப்பறையில் நின்ற ஆசிரியர், துபாயில் லாரி ஓட்டி ஊரில் வீடு கட்டியவர், புற்றுநோயிலிருந்து மீண்டு வந்த குடும்பத்தலைவி எனப் பலரும் இன்று தங்கள் வாழ்க்கையை எழுதுகிறார்கள். பெயர்பெற்ற பதிப்பகங்கள் இத்தகைய கையெழுத்துப் பிரதிகளை அதிகம் எடுப்பதில்லை. கைக்காசைப் போட்டுத்தான் அச்சேற்ற வேண்டியிருக்கிறது. அதில் இழுக்கு ஒன்றுமில்லை. இவர்களில் பலருக்கும் உள்ள பயம், "என் கதையைச் சுட்டு யாராவது படம் எடுத்துவிட்டால்?" என்பது. என்னைக் கேட்டால், முகம் தெரியாத திருடனைவிட, எழுதியவரே படிக்காமல் கையெழுத்துப் போடும் ஒப்பந்தத் தாளுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

முதலில் சட்டம் தானாகவே தந்திருப்பது. இந்தியாவில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் எழுதி முடித்த வரிகளுக்கு அந்தக் கணமே உரிமையாளர் நீங்கள்தான். யாரிடமும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. அந்த உரிமை உங்கள் ஆயுள் முழுக்கவும், அதன்பின் 60 ஆண்டுகள் வாரிசுகளுக்கும் செல்லும். பாதுகாப்பு எழுத்துக்கு மட்டுமே என்பதை மறந்துவிடக் கூடாது. நீங்கள் பட்ட கஷ்டத்துக்கும் அதில் கற்ற பாடத்துக்கும் பதிப்புரிமை கிடையாது. பிரதியைத் தனக்குத்தானே தபாலில் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் பீரோவில் பூட்டி வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதைவிட, டெல்லியிலுள்ள பதிப்புரிமை அலுவலகத்தில் இணையவழியே 500 ரூபாய் கட்டிப் பதிவு செய்துகொள்வது மேல். பதிவு கட்டாயமல்ல, ஆனால் நீதிமன்றத்தில் நல்ல சாட்சி.

அடுத்தது ஒப்பந்தம். "உங்கள் வாழ்க்கையை நூலாக்கித் தருகிறோம்" என்று விளம்பரம் செய்யும் நிறுவனங்கள் தட்டச்சு, பிழைதிருத்தம், அட்டை, அச்சு, வெளியீட்டு விழா எல்லாவற்றையும் ஒரே பேக்கேஜாகப் பேசுகின்றன. செலவு முழுவதும் உங்களுடையது. அப்படியிருக்க, ஒப்பந்தத்தின் நடுப்பக்கத்தில் 'நூலின் அனைத்து உரிமைகளும் பதிப்பாளருக்கே' என்றொரு வரி எதற்கு? முதலீடு போடும் பதிப்பாளர் உரிமை கேட்பதில் நியாயம் உண்டு. உங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு அச்சடித்துத் தருபவர், அச்சிட்டு விற்பதற்கான உரிமத்துக்கு மேல் ஒன்றும் கேட்க முகாந்திரமில்லை. அந்த வரியை அடித்துவிடச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

சட்டம் இங்கே எழுத்தாளர் பக்கம் நிற்கிறது. வாய்ப்பேச்சாக உரிமையை மாற்றிக்கொடுக்க முடியாது, கையெழுத்திட்ட எழுத்து வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. எந்த உரிமை, எத்தனை ஆண்டு, எந்த நிலப்பரப்பு, எவ்வளவு ராயல்டி என்றும் அதில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். வாங்கிய உரிமையை ஓராண்டு பயன்படுத்தாமல் போட்டு வைத்தால், வேறு மாதிரி எழுதிக்கொண்டிருந்தாலொழிய, அது காலாவதியாகும். உரிமையை முழுவதுமாகத் தாரைவார்த்த பிறகும், உங்கள் பெயரை எடுத்துவிடவோ உங்கள் பேருக்குக் களங்கம் வரும்படி எழுத்தைச் சிதைக்கவோ அவர்களுக்கு அதிகாரமில்லை. அது 57ஆம் பிரிவு. ஆனால், 'என்றென்றைக்கும், உலகம் முழுவதும்' என்று தெளிவாக எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டால், இந்த ஐந்தாண்டு, இந்திய எல்லை எல்லாம் உதவிக்கு வராது.

ராயல்டி வரியில் 'நிகர வருவாயில்' என்ற சொல் இருந்தால், எதையெல்லாம் கழித்த பிறகு வரும் நிகரம் என்று கேளுங்கள். அச்சிட்ட விலையில் இத்தனை சதவீதம் என்பதே கணக்குப் பார்க்க எளிது. கேட்டவுடன் அச்சிடும் முறையில் எத்தனை பிரதி விற்றது என்பது அவர்கள் சொன்னால்தான் உண்டு. ஆகவே அமேசான் போன்ற தளங்களில் கணக்கு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். கிண்டிலில் தமிழ் மின்னூலைப் பைசா செலவின்றி நீங்களே ஏற்றலாம். அங்கே 'கேடிபி செலக்ட்' என்ற பெட்டியை யாராவது டிக் செய்துவிட்டால், 90 நாள் அந்த மின்னூலை வேறு எங்கும் விற்கவோ இலவசமாகத் தரவோ முடியாது. நிறுத்தச் சொல்லாவிட்டால் அது தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்.

இன்னொன்று, பலரும் கோட்டை விடுவது. பக்க வடிவமைப்புக் கோப்பு யாருடையது? மறுபதிப்புக்கு வேறு அச்சகம் போனால் அந்தக் கோப்பு வேண்டும். பிடிஎஃப் மட்டும் போதாது, திறந்து திருத்தக்கூடிய கோப்பும் வேண்டும். யூனிகோடில்தான் தட்டச்சு செய்கிறார்களா என்றும் கேளுங்கள். பாமினி, டேப் மாதிரியான பழைய எழுத்துருவில் செய்து தந்தால், நாளை மின்னூல் போடும்போது எல்லாம் கோழி கிறுக்கலாக நிற்கும்.

ஐ.எஸ்.பி.என். எண்ணுக்குத் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் பெயரிலான தேசிய முகமை அதை இலவசமாகத் தருகிறது. எழுதியவரே நேரடியாக விண்ணப்பிக்கலாம். நிறுவனத்தின் எண்ணில் வெளிவந்தால் பதிவேட்டில் பதிப்பாளர் அவர்கள்தான். பிறகு நீங்களே வெளியிட நினைத்தால் புது எண் வாங்க வேண்டும். அந்த எண் ஓர் அடையாளமே தவிர, உரிமைப் பத்திரம் அல்ல. நீங்களே பதிப்பாளர் என்றால் ஒரு கடமையும் உண்டு. வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மூன்று நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும் என்கிறது 1954ஆம் ஆண்டுச் சட்டம்.

எழுத வராதவர்கள் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதித் தருவது இப்போது தனித் தொழிலாகிவிட்டது. இதில்தான் பெரிய வில்லங்கம். வாழ்ந்தது நீங்கள், காசு கொடுத்ததும் நீங்கள். ஆனாலும் எழுத்து வடிவம் கொடுத்தவர் உங்களிடம் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவராக இல்லாவிட்டால், வரிகளின் முதல் உரிமையாளர் தான்தான் என்று அவர் சொல்ல இடமிருக்கிறது. பேச்சைப் பதிவு செய்யத் தொடங்கும் முன்பே, உரிமை உங்களுக்கு மாறுகிறது என்று எழுதி வாங்குங்கள். அட்டையில் பெயர் எப்படிப் போடுவது என்பதும் அதிலேயே இருக்கட்டும்.

சரி, புத்தகம் உங்களுடையதாகிவிட்டது. அதற்குள் வரும் மனிதர்கள்? மாமியார், முன்னாள் கணவர், கூட்டாளி, மேலதிகாரி எல்லோரையும் விட்டுவிட்டுத் தன்கதை எழுத முடியாது. இந்த விஷயத்தில் நாடு முழுவதும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு தமிழ்நாட்டு வழக்கில்தான் வந்தது. தூக்குத்தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் சிறையில் எழுதியதாகச் சொல்லப்பட்ட தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முயல, சிறைத்துறை தடுத்தது. அரசு முன்கூட்டியே தடைபோட முடியாது என்று 1994இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கூடவே இன்னொன்றையும் சொன்னது: ஒருவரின் குடும்பம், திருமணம், குழந்தைப்பேறு போன்ற அந்தரங்கத்தை அவர் சம்மதமின்றி வெளியிடுவது, அது உண்மையாகவே இருந்தாலும், அவர் நஷ்டஈடு கேட்க வழிசெய்யும். நீதிமன்ற ஆவணம் போன்ற பொது ஆவணத்தில் இருப்பதற்கு விலக்கு உண்டு. அரசு அதிகாரி தன் கடமையில் நடந்துகொண்ட விதத்தை எழுதுவதற்கும் கூடுதல் இடமிருக்கிறது.

"உண்மையைத்தானே எழுதினேன்" என்பது முழுக் கவசமல்ல. பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு அவதூறுக்கு இரண்டாண்டு வரை சிறை வைத்திருக்கிறது. உண்மை என்று காட்டினால் மட்டும் போதாது, அதைச் சொன்னது பொது நன்மைக்காக என்றும் காட்ட வேண்டும். இறந்தவரைப் பற்றி எழுதினாலும் குடும்பத்தைப் புண்படுத்தும் நோக்கம் இருந்தால் குற்றம். பெயரை மாற்றிவிட்டால் தப்பித்தோம் என்பதும் சரியல்ல. ஊரும் தெருவும் வேலையும் அப்படியே இருந்தால் படிப்பவர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இந்து திருமணச் சட்டத்தின் கீழ் நடந்த விவாகரத்து வழக்கின் நடவடிக்கைகளை அச்சிடவும் தடை இருக்கிறது. பாலியல் வன்கொடுமையிலிருந்து மீண்டவரை அடையாளம் காட்டுவது குற்றம். தன் பெயரைத் தானே வெளியிட, வயது வந்த அவருக்கு உரிமை உண்டு.

சட்டத்தில் சிக்காத சிக்கலும் வரும். 1992இல் எழுத்தாளர் பாமாவின் தன்வரலாறான 'கருக்கு' வெளிவந்தபோது அவருடைய சொந்த ஊர்க்காரர்களே முதலில் கோபப்பட்டார்கள். பின்னால் அந்த ஊரே அந்த நூலைத் தன்னுடையதாக ஏற்றது. எழுதப்போவதை வீட்டிலுள்ள ஓரிருவருக்காவது முன்பே படித்துக் காட்டுவது வழக்கறிஞர் கட்டணத்தைவிட மலிவு.

படம், கடிதம், பாட்டு விஷயத்தில் ஒரு வார்த்தை. நண்பர் எழுதிய கடிதத்தின் காகிதம் உங்களுடையது, வாசகம் அவருடையது. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன கல்யாணப் படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கொடுத்தவரே உரிமையாளர். கூகுளில் எடுத்த படத்துக்கு நீங்கள் யாருமில்லை. அத்தியாயத் தலைப்பில் சினிமாப் பாட்டு வரிகளை அலங்காரமாகப் போடுவது தமிழ்த் தன்வரலாறுகளின் தீராத ஆசை. விட்டுவிடுங்கள்.

ஏமாந்துவிட்டால் என்ன வழி? புத்தகத்தின் பிடிஎஃப் இணையத்தில் சுற்றினால், அதை வைத்திருக்கும் தளத்துக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். 36 மணி நேரத்தில் அணுகலை நிறுத்த வேண்டும் என்பது விதி. ஆனால் 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் அவர்கள் திரும்பத் திறந்துவிடலாம். டெலிகிராம் வழியாகத் திருட்டுப் பிரதி பரப்பியவர்களின் விவரத்தைத் தரச் சொல்லி 2022இல் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, 'எங்களுக்குத் தெரியாது' என்று தளங்கள் கைவிரிப்பது கடினமாகிவிட்டது. தெரிந்தே திருடுபவருக்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை உண்டு. வழக்கை நீங்கள் குடியிருக்கும் ஊரின் நீதிமன்றத்திலேயே போடலாம்.

பணம் வாங்கிக்கொண்டு நூலைத் தராத, பாதியில் கைவிட்ட நிறுவனத்தின் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணமில்லை. முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள். 'இவர் வியாபாரத்துக்காக அச்சடித்தார், நுகர்வோர் அல்ல' என்று எதிர்த்தரப்பு வாதிடும். அதனால் வாட்ஸ்அப் உரையாடல், வங்கிப் பரிமாற்றம், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்க வேண்டாம். பெண்கள், பட்டியலினத்தார், பழங்குடியினர், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைத் தரும். எண் 15100. நுகர்வோர் புகாருக்குக் கெடு இரண்டு ஆண்டு. நூலை என்றைக்குக் கையில் தர வேண்டும் என்ற தேதி ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால், அந்த இரண்டு ஆண்டு எப்போது தொடங்கியது என்பதே தனி வழக்காகிவிடும்.